பத்தடிக்குள்

“சும்மா உக்காந்திருக்கதும் உதவியாம்மா?” என்று மெலிட்டா ஒருமுறை கேட்டாள்.

அவளுக்கு அப்போது ஏழு வயது. கேட்ட நேரம்தான் சரியில்லை. வீட்டுக்குள் ஐந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கட்டிலில் சுடலைமணி அண்ணாச்சியும் அவர் மனைவி பிச்சம்மாளும், தரையில் இரண்டாம் மாடித் தையல்கார அக்கா தங்கை இருவர், மேற்குச் சுவரோரம் ஜொஹராக்கா. அவர்கள் நடுவே ஒரு எவர்சில்வர் தாம்பாளம். அதில் ஏழு போன்கள் கவிழ்ந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி.

சுடலைமணி மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூவுகிறவர். மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

“ஏட்டி, நான் சும்மாவா இருக்கேன்? காலைல இருந்து வாயை மூடிக்கிட்டு இருக்கேன். எவ்வளவு பெரிய வேலை தெரியுமா?”

“இந்தப் பெட்டில ஒண்ணு நம்ம வீட்டுக்கும் வாங்கிரணும்” என்றாள் பிச்சம்மாள்.

தையல்காரிகள் சிரித்தார்கள். ஜெசிந்தாவுக்கு மகள் கேட்டதோ அவர்கள் சிரித்ததோ காதில் ஏறவில்லை. தாம்பாளத்தின் பக்கத்தில் இருந்த பெட்டியின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஏழு என்ற எண் பச்சையாக எரிந்தது. அது ஆறுவரை இறங்கலாம். ஐந்தானால் எல்லாம் போய்விடும்.

அறையின் மூலையில் அவள் கணவன் அமலதாஸ், காதுகளை மூடிய கருவியோடு, இரண்டு கைப்பிடிகளைப் பற்றியபடி பெரிய திரைமுன் உட்கார்ந்திருந்தான். திரையில் தெரிந்தது வடக்கே ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த ஒரு துறைமுகம். இங்கே அவன் விரலை அசைத்தால் அங்கே ஒரு கிரேன் நாற்பது டன் பெட்டியைத் தூக்கியது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் இதே வேலையை நேரில் செய்தான். கம்பிவடம் அறுந்து இடது கால் போனது. அதன்பிறகு வந்த முதல் வேலை இது. பத்து நாள் சோதனை. தினமும் காலை எட்டு முதல் மதியம் இரண்டு வரை. இணைப்பு மெலிந்தால் கிரேன் தானாகப் பூட்டிக்கொள்ளும். கீழே ஆட்கள் நிற்கிறார்களே, அந்தப் பாதுகாப்பு வேண்டும்தான். ஆனால் பூட்டிக்கிடந்த நேரம் பத்து நாளிலும் சேர்த்து அறுபது விநாடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். தேறினால் கம்பெனியே மொட்டைமாடியில் தனி ஆண்டெனா வைத்துக் கொடுத்துவிடும்.

கடல் ஏறிய வருடத்தோடு தூத்துக்குடிக் கரையோரத்தில் பூமிக்கடியில் போன கம்பிகளெல்லாம் உப்புப் பிடித்துச் செத்துப்போயின. இப்போது ஊருக்கு வருவதெல்லாம் வானத்திலிருந்து வருவதுதான். அதுவும் அளந்து.

“பெரியவங்களுக்கு ஆளுக்கு ஒரு இழைதான்க்கா” என்று பெட்டியைப் பொருத்த வந்த இசக்கி முதல் நாளே சொல்லியிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஸ்க்ரூ டிரைவரைத் தொங்கவிட்டிருந்தாள். “ஒரு இழைல பேசலாம், பாட்டு கேக்கலாம். கிரேன் ஓட்டணும்னா ஆறு வேணும். ஏழு இருந்தா நிம்மதி. அவங்கவங்க போனுல ஹாட்ஸ்பாட்டத் தொறந்து வச்சா இந்தப் பெட்டி எல்லாத்தயும் பின்னி ஒரே லைனாக்கிரும்.”

“அப்ப பழைய போனு நாலஞ்சு வாங்கிப் போட்டுட்டா?”

“போனுல என்னக்கா இருக்கு? ஆளுல்லா வேணும்.” இசக்கி தன் இடது மணிக்கட்டைக் காட்டினாள். எல்லோர் கையிலும் இருப்பதுபோல அவள் கையிலும் மெல்லிய நாடிப்பட்டை இருந்தது. “மொதல்ல இதெல்லாம் கெடையாது. சனங்க பூராவும் தன் பங்க வித்துப்புட்டாங்க. இருக்கப்பட்டவன் அள்ளிக்கிட்டான். அதுக்கப்புறம்தான் சட்டம் வந்துது. நாடி துடிக்கணும், ஆளு போனுக்குப் பத்தடிக்குள்ள இருக்கணும். தள்ளிப் போனா இழை அறுந்துரும்.”

“அப்போ அஞ்சு பேரு இங்க...”

“வந்து உக்காரணும். நல்ல சனம் இருக்காங்களாக்கா, பக்கத்துல?”

ஜெசிந்தாவுக்கு அந்தக் கேள்வி குத்தியது. இந்தக் குடியிருப்புக்கு வந்த நான்கு வருடத்தில் அவள் யார் வீட்டிலும் போய் உட்கார்ந்ததில்லை.

“இன்னொண்ணு” என்றாள் இசக்கி. “பின்னலுக்குள்ள இருக்கும்போது அவங்க போனுக்கு வேற எதுவும் வராது. யாராச்சும் கூப்பிட்டா மட்டும் இந்தத் திரைல பேரு வரும். ‘கொடு’ன்னு அமுக்குனா அந்த இழை வெலகி அவங்க பேசப் போயிரும். ‘நிறுத்து’ன்னு அமுக்குனா போன் நின்னுரும். பெறகு, ஒருக்கா பின்னல்ல சேந்த போனு ஒண்ணையொண்ணு மறக்காது. பெட்டி இல்லன்னாலும் பத்தடிக்குள்ள போய் ஹாட்ஸ்பாட்டத் தொறந்தா தானா இழுத்துக்கிடும். தெரியாத்தனமா தொறந்து போட்டுராதீய.”

மறுநாள் ஜெசிந்தா மாடி மாடியாக ஏறினாள். சுடலைமணி உடனே சரி என்றார். தையல்காரிகள் துணியைக் கொண்டுவந்து காஜா எடுக்கலாமா என்று மட்டும் கேட்டார்கள். நான்காம் மாடியில் ஜொஹராக்கா வீட்டு வாசலில்தான் அவளுக்குக் கால் தயங்கியது.

ஜொஹராவுக்கு ஐம்பது வயது. காலையில் இடியாப்பம் அவித்து விற்பவள். தனியாக இருந்தாள். ஒரே மகன் ஹமீது, சரக்குக் கப்பலில் சமையல் வேலை. கப்பல் கரையை ஒட்டி வரும்போது மட்டும்தான் அவனால் கூப்பிட முடியும். மாதத்தில் ஒருநாள் கிடைக்கும். எந்த நாள், எந்த நேரம் என்று அவனுக்கே தெரியாது. அதனால் ஜொஹரா குளிக்கப் போனாலும் போனைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள்.

“வாரேன். எனக்கென்ன, இடியாப்பம் ஏழரைக்குள்ள முடிஞ்சிரும்” என்றாள் ஜொஹரா. கொஞ்சம் நின்று, “ஹமீது கூப்பிட்டான்னா மட்டும் குடுத்துரு ளா. வேற யாரயும் விட்டுரு” என்றாள்.

“மாதா மேல ஆணையா குடுத்துருவேன்க்கா. அந்த நிமிசமே.”

கேட்காமலே ஆணையிட்டாள். தேவையில்லாமல் இடுகிற ஆணைகள்தான் பிறகு மனிதனை உட்காரவிடுவதில்லை.

மதியத் தொழுகைக்கு ஜொஹரா வீட்டுக்குப் போக முடியாது. பத்தடி கணக்கு. முதல் நாள், பாயை அங்கேயே மேற்குப் பார்த்து விரித்தாள். மேற்குச் சுவரில் மாதா படம் இருந்தது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தொழுதாள். மறுநாள் அவள் வரும்போது படம் கிழக்குச் சுவருக்குப் போயிருந்தது. அதைக் கவனித்தாள். மூன்றாம் நாள் ஒரு முழம் பிச்சிப்பூ கொண்டுவந்து மெலிட்டா கையில் கொடுத்தாள். “அந்தப் படத்துக்குப் போடச் சொல்லு” என்றாள்.

ஜெசிந்தாவுக்கு அந்தப் பூவை நிதானமாகப் பார்க்கக்கூட முடியவில்லை. திரையில் எண், பக்கத்தில் சிவப்பில் விநாடிக் கணக்கு. யாராவது காலை நீட்டினால் திரும்பிப் பார்ப்பாள். கழிப்பறைக் கதவு பத்தடிக்குள் வருகிறதா என்று டேப் வைத்து அளந்தாள். பிச்சம்மாள் வாசலில் கீரைக்காரியைக் கூப்பிட எழுந்தபோது, “உக்காருங்க மைனி!” என்று கத்தியேவிட்டாள். பிறகு வெட்கப்பட்டு அவளே போய்க் கீரை வாங்கிவந்தாள். தையல்காரத் தங்கை நூல் எடுக்க மாடிக்கு ஓடியிருந்த அந்த நேரத்தில் அவள் இழையும் அறுந்து ஐந்தாயிற்று. எட்டு விநாடி. தன்னால் போன எட்டு விநாடியை நினைத்து அன்று அவள் சாப்பிடவில்லை.

எட்டாம் நாள் முடிவில் ஐம்பத்து மூன்று விநாடி போயிருந்தது. மீதி ஏழு.

ஒன்பதாம் நாள் சுடலைமணிக்குக் காய்ச்சல். மூன்று சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“ஜெசிந்தா, இவிய இங்க இருமுனா அங்க கிரேன் ஆடும்” என்றாள் பிச்சம்மாள். அமலதாஸே அவரைப் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டான். ஆறு இழை. ஒன்று கூடக் கூடுதல் இல்லை.

பதினொன்று வரை ஆறு. பன்னிரண்டு வரை ஆறு. ஜெசிந்தா முந்தானைக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எந்த மணியில் நிற்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு ஜொஹரா தொழுது முடித்து எழுந்தாள். திரையில் ஒரு பெட்டி அந்தரத்தில் தொங்கியது. கீழே மஞ்சள் தொப்பி போட்ட நான்கு பேர்.

அப்போது சின்னத் திரை மின்னியது.

மூன்றாம் இழை. ஹமீது.

ஜெசிந்தாவின் விரல் ‘கொடு’ பக்கம்தான் முதலில் போனது. அதை அவள் பிறகு எத்தனையோ முறை தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் விரல் அங்கே போய் நின்றது. ஏழு விநாடியில் ஒரு மகன் தாயிடம் என்ன பேச முடியும்? ‘உம்மா, நல்லா இருக்கீயளா’ என்று முடிப்பதற்குள் அந்த ஏழும் தீர்ந்துவிடும். அமலதாஸ் கால் போன அன்று ஆஸ்பத்திரியில் அழாதவன், இந்த வேலைக்கு அழைப்பு வந்த அன்று சமையலறையில் நின்று அழுதான்.

அவள் திரும்பி ஜொஹராவைப் பார்த்தாள். ஜொஹரா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பாய் மடிக்கப்படாமல் கிடந்தது. வலது கையால் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி தலை குனிந்திருந்தாள். துஆ கேட்டு வேண்டிக்கொள்கிறாள் என்று ஜெசிந்தா நினைத்தாள்.

‘நிறுத்து’ என்பதை அமுக்கினாள். பெயர் மறைந்தது. எண் ஆறாகவே இருந்தது.

“என்னளா, மூஞ்சி வெளிறிப்போச்சு?” என்றாள் ஜொஹரா, பாயைச் சுருட்டிக்கொண்டே. “தண்ணி குடி. இன்னும் ஒண்ணேகா மணி நேரம்தான்.”

பத்தாம் நாள் சுடலைமணி வந்துவிட்டார். ஏழு இழை, ஒரு விநாடிகூடப் போகவில்லை. இரண்டு மணிக்குத் திரை அணைந்ததும் அவர் பத்து நாள் அடக்கிவைத்த குரலை ஒரே கூவலில் விட்டார். கீழ்த்தளத்து நாய்கள் குரைத்தன. அமலதாஸ் ஒவ்வொருவர் கையையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டான். ஜொஹராவின் கையை அவன் பிடித்தபோது ஜெசிந்தா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஒரு தூக்கில் சூடாக மீன்குழம்பு எடுத்துக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறினாள். சொல்லிவிடுவது என்றுதான் ஏறினாள்.

“அக்கா, ஒம்பதாம் நாளு உங்க போனுக்கு...”

“என் போனுக்கா? எனக்கு யாரு ளா பண்ணப் போறா?” ஜொஹரா தூக்கை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்தாள். “சீலா மீனா? புளி கூடிப்போச்சு போலருக்கே.”

“இல்லக்கா, ஹமீது...”

“அவன் கப்பல் தெக்க எறங்கிருக்கும் இப்ப. மாசக் கடைசில குமரிமுனைய சுத்தி வருவான். அப்பக் கூப்பிடுவான். அங்கெருந்துன்னா மொட்டைமாடில நின்னாத்தான் ஒத்த இழைக்கு எட்டும். முகமெல்லாம் தெரியாது, சத்தம் மட்டும் விட்டு விட்டு வரும். ஆறு மாசமாச்சு புள்ள முகம் பாத்து. சரி, நீ போ, ஒன் மாப்பிள்ளைக்குச் சோத்தப் போடு.”

கதவு சாத்தப்படவில்லை, ஆனால் பேச்சு சாத்தப்பட்டுவிட்டது. படியிறங்கும்போது ஜெசிந்தாவுக்கு ஒரு கெட்ட நிம்மதி வந்தது. தெரியவில்லை. இனி அக்காவுக்குத் தெரியப்போவதும் இல்லை. அந்த நிம்மதி மூன்றாம் மாடி வரைகூட நிற்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் இசக்கி ஆண்டெனா பொருத்த வந்தாள். பழைய பெட்டியைக் கழற்றுமுன் அதில் பதிவானவற்றைத் தன் கருவிக்கு மாற்றினாள்.

“பரவால்லயேக்கா. அம்பத்து மூணு. என் கணக்குக்கு இதுவரைக்கும் தேறினது உங்க வீட்டயும் சேத்து மூணே வீடு” என்றாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள். “ஒம்பதாம் நாளு ஒரு போனு வந்திருக்கே, மூணாம் இழைக்கு. நல்லவேளை நிறுத்திட்டாங்க.”

“நான்தான் நிறுத்துனேன்” என்றாள் ஜெசிந்தா. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

“நீங்களும் அமுக்கிருக்கீய. ஆனா நிறுத்துனது நீங்க இல்ல. பட்டையில நிறுத்திருக்காங்க. உங்களுக்கு நாலு செகண்டு முந்தி.”

“பட்டையா?”

“கையில கெடக்குற நாடிப்பட்டைதான். போன் வந்தா மொதல்ல அங்கதான் நடுங்கும். பெறகுதான் பெட்டில பேரு வரும். போனுக்குடையவங்க பட்டைய இறுக்கிப் புடிச்சா நின்னுரும். அந்தச் சேதி பெட்டிக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். நீங்க அமுக்குனது சும்மா காத்துல அமுக்குன மாரிதான்.” இசக்கி நிமிர்ந்து பார்த்தாள். “ஏங்க்கா, நான் இத அன்னைக்கே சொல்லலயா?”

“இல்லம்மா. சொல்லல.”

ஜெசிந்தா மேற்குச் சுவரோரம் போய் நின்றாள். அங்கேதான் ஜொஹரா முதுகைக் காட்டி நின்றது. பாய் மடிக்காமல் கிடந்தது. வலது கை, இடது மணிக்கட்டு.

அவள் அன்று செய்த பாவம் கணக்கில் ஏறாமலே போனது என்று ஒருவர் ஆறுதல் சொல்லலாம். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. தான் திருடிய பொருள், தனக்கு முன்பே தன் கையில் வைக்கப்பட்டிருந்தது என்று தெரிய வந்தால் மனிதன் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வான்? ‘எனக்கு யாரு ளா பண்ணப் போறா’ என்று அந்த அம்மாள் பொய் சொன்னதும் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கொடுத்தது தெரியக் கூடாது என்றுதான் ஜொஹரா கொடுத்திருக்கிறாள். இப்போது போய்க் காலில் விழுந்தால், அது தன் பாரத்தை இறக்கிவைப்பதாகும். ஜொஹராவுக்கு அதில் என்ன கிடைக்கும்? கொடுத்ததைக் கொடுக்கவில்லை என்று சொல்லவேண்டிய இன்னொரு பொய்.

மாதக் கடைசி வந்தது. ஜொஹரா தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப்போட்டுக் கடலைப் பார்த்து உட்காருவாள். மடியில் போன்.

அந்தக் குடியிருப்புக்கு இரண்டு படிக்கட்டுகள். ஜெசிந்தா பின்படி வழியாக ஏறி, கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். தன் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து வைத்தாள். வாளிக்கும் தொட்டிக்கும் ஒன்பதடி.

“தெனமும் எங்கம்மா போற?” என்று மெலிட்டா கேட்டாள்.

“சும்மா உக்காரப் போறேன்.”

“நானும் வரவா?”

“வேண்டாம் மக்கா. ரெண்டு பேரு உக்காந்தா பேச்சு வந்துரும்.”

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வரவில்லை. தொட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் புடவையை நனைத்தது. கீழே அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த நினைவு அரிக்கும். எழுந்தால் அந்த நொடியில் கூப்பிட்டுவிடுவானோ என்று உட்கார்ந்துகொள்வாள். பதினொரு சாயங்காலம் இப்படிப் போயிற்று. சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அவள் உடம்பு இப்போது கற்றுக்கொண்டது. அந்த ஐந்து பேரும் இதைத்தான் தினமும் ஆறு மணி நேரம் செய்தார்கள், சிரித்துக்கொண்டே.

பன்னிரண்டாம் நாள் மெலிட்டா விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். மருந்து போட்டுப் பின்படியில் ஓடி ஏறியபோது மேலேயிருந்து குரல் கேட்டது.

“ஹமீதே... ஹமீதே, கேக்கலியே வாப்பா... திரும்பச் சொல்லு.”

ஜெசிந்தா தொட்டிக்குப் பின்னால் விழுந்து உட்கார்ந்தாள். அவசரத்தில் விரல் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை ஹாட்ஸ்பாட் திறந்தது. ஒன்றும் நடக்கவில்லை. எட்டிப் பார்த்தாள். சத்தம் கிடைக்காமல் ஜொஹரா வாளியைக் கைப்பிடிச் சுவர்வரை இழுத்துக்கொண்டு போயிருந்தாள். இருபதடி இருக்கும்.

“உம்... நா... உம்மா...” என்று கடலுக்கு அப்பாலிருந்து உடைந்து உடைந்து வந்தது.

ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தாள். மறைவே இல்லாத வெட்டவெளி. ஒவ்வோர் அடியாக வைத்து ஜொஹராவின் முதுகுக்குப் பின்னால் போய், தரையில் மெல்ல உட்கார்ந்தாள். கையை நீட்டி இன்னும் கொஞ்சம் எம்பினால் அந்த முக்காட்டைத் தொட்டுவிடலாம். திரும்பிப் பார்த்தால் முடிந்தது.

அவள் கையிலிருந்த போன் ஒருமுறை சிமிட்டியது. திரை மூலையில் ஒன்று என்றிருந்த இழை எண் இரண்டாயிற்று.

“உம்மா!” குரல் முழுசாக வந்தது. “உம்மா, மொகம் தெரியுது! கண்ணாடி மாத்திட்டீயளா?”

“அட, தெரியுதாடா?” ஜொஹரா போனை இரு கையாலும் முகத்தோடு ஒட்டிப் பிடித்தாள்; அதில் அவள் முகம் தவிர வேறெதுவும் தெரிய இடமில்லை. “ஒனக்கு என்ன இப்படித் தாடி வந்துருக்கு? அந்தக் கப்பல்ல கத்திரிக்கோலு கெடையாதா?”

“அன்னைக்குக் கூப்பிட்டேன், எடுக்கவே இல்ல. பயந்துட்டேன்.”

“தூங்கிட்டேன் வாப்பா. வயசாகுதுல்லா.”

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். கேட்கக் கூடாத பேச்சு. காதை மூடினால் வளையல் சத்தம் கேட்கும். உதட்டை அசைக்காமல் செபம் சொன்னாள்.

பாதியில் அவள் மணிக்கட்டு நடுங்கியது.

அவளுக்கு யாரோ போன் செய்கிறார்கள். யார் என்று அவள் பார்க்கவில்லை. எடுத்தால் இழை விலகிவிடும். வலது கையால் இடது மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். நடுக்கம் நிற்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு தாய் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் மெல்லத் தூரத்துக்குப் போயிற்று. “அல்லா காவல்” என்று ஜொஹரா சொல்வது கேட்டதும் ஜெசிந்தா எழுந்து, பின்பக்கமாகவே அடி வைத்துத் தொட்டி மறைவுக்கு வந்தாள். முன்படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போய்த் தேயும்வரை நின்றாள்.

பிறகு ஹாட்ஸ்பாட்டை மூடினாள்.